ஒரு சிடிஐ போனதுக்கு மூணு வருஷ இஎம்ஐ-யா?



ஓசூர், சூளகிரி, பர்கூர் பக்கம் வேலை பாக்குற நம்ம பசங்க அடிக்கடி கேக்குற கேள்வி இது. "அப்பாவோட பழைய பைக் ஸ்டார்ட் ஆகல. சிடிஐ போயிடுச்சு, இந்த மாடலுக்கு ஸ்பேரே வர்றதில்லைனு மெக்கானிக் சொல்றார். ஷிப்டுக்குப் போகணும். புது பைக் லோன்ல எடுத்துடலாமா?"

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். அந்த சின்ன கறுப்பு டப்பாவை ஒழுங்கா தேடிப் பாத்து முடிக்கிற வரைக்கும் லோன் பேப்பர்ல கையெழுத்து போடாதீங்க. லோன் வேண்டாம்னு நான் சொல்லல. "ஸ்பேர் கிடைக்கல"ங்கிறது லோன் எடுக்க ஒரு நல்ல காரணம் இல்லைனு சொல்றேன். அதுவும் ஓசூர்ல உக்காந்துக்கிட்டு!

இக்னிஷன் பார்ட்ஸ் செய்யுற ஊர்லயே இக்னிஷன் பார்ட்ஸ் இல்லையா?

1980-ல டிவிஎஸ் 50 மொபெட் வெளிய வந்தது இந்த ஊர்ல இருந்துதான். 80-கள்ல சுசூகியோட சேர்ந்து 100 சிசி 2-ஸ்ட்ரோக் பைக் வந்ததும் இங்க இருந்துதான். அந்த வண்டிகளுக்கு எலக்ட்ரானிக் இக்னிஷன் வேணுமே? 1984-ல லூகாஸ் இந்தியன் சர்வீஸும் ஜப்பானோட கொகுசான் டென்கியும் கூட்டு சேர்ந்து இந்தியா நிப்பான் எலக்ட்ரிகல்ஸ்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க. ஓசூர் - தளி ரோட்டுல போறவங்களுக்கு அது தெரிஞ்ச இடம். இரு சக்கர வண்டிக்கான சிடிஐ, மேக்னட்டோ, இக்னிஷன் காயில் இதெல்லாம்தான் அவங்க தொழிலே.

அதாவது நாட்டுல ஓடுற எத்தனையோ வண்டிகளுக்கு ஸ்பார்க் கொடுக்குற சாமான் இந்த ஊர்ல இருந்து லாரி ஏறிப் போகுது. அதே ஊர்ல ஷிப்ட் முடிச்சு வர்ற பையன், பேர் ஊர் தெரியாத ஒரு டப்பாவை ஆன்லைன்ல ஆர்டர் பண்றான். அது ரெண்டு மாசத்துல போகுது. "பழைய வண்டின்னாலே தொல்லைதான்"னு ஷோரூம் வாசல்ல போய் நிக்கிறான். போனது வண்டி இல்ல, வாங்கின விதம். இதைத்தான் நான் மாத்திக்கச் சொல்றேன்.

சிடிஐ என்ன வேலை பாக்குது?

பணக் கணக்குக்கு இது ஏன் வேணும்னு நினைக்காதீங்க. இது தெரியாததாலதான் பாதிப் பணம் வீணாப் போகுது.

என்ஜின் சுத்தும்போது மேக்னட்டுக்குள்ள இருக்குற ஒரு காயில் கரன்ட் உண்டாக்கும். அந்தக் கரன்ட் சிடிஐ-க்குள்ள இருக்குற கெபாசிட்டர்ல சேரும். பிஸ்டன் சரியான இடத்துக்கு வரும்போது பல்சர் காயில் ஒரு சிக்னல் கொடுக்கும். உடனே கெபாசிட்டர்ல சேர்ந்தது மொத்தமா ஹெச்.டி. காயிலுக்குப் பாயும். அங்க வோல்ட்டேஜ் பல ஆயிரமா ஏறி, பிளக்ல ஸ்பார்க் வரும். அவ்வளவுதான்.

இதுல ரெண்டு விஷயம் உங்க பாக்கெட்டை நேரடியா தொடுது.

ஒண்ணு, சிடிஐ-யை உள்ளே பிசின் ஊத்தி அடைச்சிருப்பாங்க. பிரிச்சு ரிப்பேர் பண்றது நடக்காத காரியம். மல்டிமீட்டர் வச்சும் அது நல்லதா கெட்டதான்னு உறுதியாச் சொல்ல முடியாது. ஓடுற வண்டியில இருந்து அதே மாடல் சிடிஐ ஒண்ணை மாட்டிப் பாக்குறதுதான் நம்பகமான டெஸ்ட்.

ரெண்டு, எல்லா சிடிஐ-யும் ஒண்ணு இல்ல. மேக்னட் காயில்ல இருந்து நேரா கரன்ட் எடுக்குறது ஏசி சிடிஐ. பேட்டரியில இருந்து எடுக்குறது டிசி சிடிஐ. ஒண்ணுக்கு பதிலா இன்னொண்ணு போட்டா வண்டி ஓடாது, டப்பாவும் போயிடலாம். சாக்கெட் ஒரே மாதிரி இருந்தாலும் பின் வரிசை வேறயா இருக்கும். ஸ்பார்க் வர்ற டைமிங்கும் மாடலுக்கு மாடல் மாறும். டைமிங் தப்பான டப்பாவைப் போட்டு ஓட்டினா என்ஜின் சூடாகி பிஸ்டன் வரைக்கும் செலவு இழுக்கும். "ரேசிங் சிடிஐ, லிமிட் இல்ல"ன்னு விக்கிறதை ஆபீஸ் போற வண்டிக்கு மாட்டாதீங்க.

டெஸ்ட் பண்ற வரிசைதான் செலவு பண்ற வரிசை

"பிளக்ல கரன்ட் வரல" என்றதுமே பல பட்டறைகள்ல சிடிஐ மேலதான் கை வைப்பாங்க. மாத்துறது சுலபம், அதான். ஆனா ஸ்பார்க் வராததுக்குக் காரணம் வேற எங்கயாவது இருக்கலாம். விலை குறைஞ்சதுல இருந்து ஆரம்பிங்க:

1. பிளக். புதுசு ஒண்ணு போட்டுப் பாருங்க.
2. பிளக் கேப், ஹெச்.டி. ஒயர். உள்ளே துரு பிடிச்சிருக்கலாம், ஒயர் விட்டிருக்கலாம்.
3. கில் சுவிட்ச், சாவி சுவிட்ச். பழைய வண்டியில இது எங்கயாவது எர்த் ஆகியிருக்கும். பல ஏசி சிடிஐ வண்டிகள்ல அந்த ஒயரைக் கழட்டிட்டு உதைச்சுப் பாத்தாலே தெரிஞ்சிடும். செலவு பூஜ்யம்.
4. எர்த் ஒயர், சாக்கெட். சுத்தம் பண்ணி இறுக்கமா மாட்டணும்.
5. மேக்னட் காயில், பல்சர் காயில், ஹெச்.டி. காயில். இந்த மூணையும் மல்டிமீட்டர்ல ஓம்ஸ் பாக்கலாம். அளவு எவ்வளவு இருக்கணும்னு அந்த மாடலோட சர்வீஸ் மேனுவல்ல இருக்கும்.
6. இதெல்லாம் சரியா இருந்தா மட்டும் சிடிஐ. அதுவும் கடன் வாங்கி மாட்டிப் பாத்த பிறகு.

ஏன் இந்த வரிசை? எலக்ட்ரிகல் ஐட்டம் வாங்கி மாட்டிட்டா எந்தக் கடையிலயும் சந்தோஷமா திருப்பி எடுக்க மாட்டாங்க. தப்பான பார்ட் வாங்கினா அந்தக் காசு போனதுதான்.

எங்க தேடலாம்?

முதல் வேலை, பழைய டப்பா மேல இருக்குற பார்ட் நம்பரை போட்டோ எடுங்க. வண்டி பேரையும் வருஷத்தையும் மட்டும் சொல்லிக் கேட்டா, கடைக்காரர் கையில இருக்குறதைத்தான் கொடுப்பார். நம்பரைச் சொல்லிக் கேட்டா இருக்கு, இல்லைனு ரெண்டே பதில்தான்.

அடுத்து, உங்க வண்டி பிராண்டோட டீலர்கிட்ட போய் ஸ்பேர் கவுன்ட்டர்ல கேளுங்க. சர்வீஸ் அட்வைசர்கிட்ட கேக்காதீங்க, அவர் புது வண்டி பத்திப் பேச ஆரம்பிச்சிடுவார். ஸ்டாக் இல்லைன்னா ஆர்டர் போட முடியுமான்னு கேளுங்க. அப்புறம், அசலா அந்தப் பார்ட்டைச் செஞ்ச கம்பெனியோட பேர்ல ஆஃப்டர்மார்க்கெட் பார்ட் கிடைக்குதான்னு பாருங்க. பல சமயம் வண்டி கம்பெனி டப்பாவுல வர்றதும் பார்ட் கம்பெனி டப்பாவுல வர்றதும் ஒரே இடத்துல செஞ்சதா இருக்கும்.

அங்கயும் இல்லையா? அத்திப்பள்ளி தாண்டிட்டா பெங்களூரு. டவுன் ஹால் பக்கத்துல ஜே.சி. ரோடு முழுக்க ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள்தான். ஒரு வார லீவுல பஸ் ஏறிப் போயிட்டு வந்துடலாம். பழைய டப்பாவையும் கையோட எடுத்துட்டுப் போங்க. சென்னை புதுப்பேட்டையில கழட்டின பார்ட்டும் கிடைக்கும். ஆனா பில் கொடுக்காத இடத்துல வாங்காதீங்க. அது யாரோட வண்டியில இருந்து வந்ததுன்னு நமக்குத் தெரியாது.

ஆன்லைன்ல வாங்கினா, பிராண்ட் பேரும் பார்ட் நம்பரும் இல்லாத, "எல்லா மாடலுக்கும் பொருந்தும்"னு போட்டிருக்குறதைத் தாண்டிப் போயிடுங்க. எல்லாத்துக்கும் பொருந்துறது எதுக்கும் சரியாப் பொருந்தாது.

பில் இல்லாத சிடிஐ, வாரன்ட்டி இல்லாத சிடிஐ

"பில் வேணாம்னா 18 பர்சென்ட் குறைச்சுக்கலாம் தம்பி"ன்னு சொல்லுவாங்க. 2025 செப்டம்பர் 22-ல இருந்து வண்டி பார்ட்ஸுக்கு ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 சதவீதமா குறைஞ்சாச்சு. அந்த 18-ஐயும் மிச்சம் பிடிக்கப் போனா உங்க உரிமையை வித்துட்டு வர்றீங்கன்னு அர்த்தம்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காம இருக்குறதே நியாயமற்ற வணிக நடைமுறை. குறைபாடுள்ள பொருளைத் திருப்பி எடுத்து பணத்தைக் கொடுக்க மறுக்குறதும் அப்படித்தான். பில்லுல கெடு போட்டிருந்தா அதுக்குள்ள, போடலைன்னா 30 நாளுக்குள்ள எடுத்துக்கணும். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது"ன்னு ரப்பர் ஸ்டாம்ப் அடிச்சதால குறைபாடுள்ள பொருள் நல்ல பொருளா ஆயிடாது. கடைக்காரர் மறுத்தா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு கூப்பிடுங்க. ஆனா கையில பில் வேணும்.

இப்ப லோன் கணக்கு

ஒரு உதாரணத்துக்கு: புது பைக் ஆன்-ரோடு 1,20,000. கையில இருந்து 20,000, லோன் 1,00,000. வட்டி 12 சதவீதம் ரெட்யூசிங், 36 மாசம். இஎம்ஐ சுமார் 3,321 ரூபாய். மொத்தம் கட்டுறது 1,19,571. வட்டி மட்டும் 19,500-க்கு மேல.

"எங்ககிட்ட 10 பர்சென்ட்தான்"னு யாராவது சொன்னா, ஃப்ளாட்டா ரெட்யூசிங்கான்னு கேளுங்க. 10 சதவீத ஃப்ளாட்னா இஎம்ஐ 3,611. ரெட்யூசிங் கணக்குல அது கிட்டத்தட்ட 18 சதவீதம்.

பழைய வண்டிக்கும் செலவு இருக்கு, மறைக்க வேணாம். 2-ஸ்ட்ரோக் வண்டி 35 கி.மீ. கொடுக்குது, புது வண்டி 60 கொடுக்குதுன்னு வச்சுக்குவோம். பெட்ரோல் ரவுண்டா 100 ரூபாய். ஓசூர்ல இருந்து எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் போய் வர தினமும் 40 கி.மீ., மாசம் 26 நாள். பழைய வண்டிக்கு பெட்ரோல் மட்டும் மாசம் 1,240 ரூபாய் கூடுதல். 2டி ஆயில் ஒரு 250. ரிப்பேருக்குன்னு மாசம் 500 தனியா எடுத்து வைங்க. மொத்தம் 1,990. இஎம்ஐ 3,321. பழைய வண்டியை வச்சிருந்தா மாசம் 1,300 ரூபாய்க்கு மேல மிச்சம், டவுன் பேமென்ட் 20,000-மும் உங்க அக்கவுண்ட்லயே இருக்கும்.

இதே கணக்குல தினமும் 75 கி.மீ.க்கு மேல ஓட்டினீங்கன்னா பழைய வண்டி தோத்துடும். அவங்க புது வண்டி எடுக்குறது நியாயம்தான். மூணு வருஷத்துல லோன் முடிஞ்சா வண்டி கையில நிக்கும்கிறதும் உண்மைதான். ஆனா நம்ம பசங்க நிறைய பேர் கான்ட்ராக்ட் வேலையில இருக்காங்க. ஆறு மாசத்துல வேலை முடியலாம், இஎம்ஐ முடியாது. அவங்களுக்கு என் ஓட்டு பழைய வண்டிக்குத்தான்.

பேப்பரையும் பாத்துக்கோங்க. சொந்த வண்டிக்கு ஆர்சி 15 வருஷம். அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். 2025 ஆகஸ்ட்ல இருந்து 20 வருஷம் தாண்டின இரு சக்கர வண்டிக்கு அந்தக் கட்டணம் 1,000-ல இருந்து 2,000 ஆயிடுச்சு. பசுமை வரி, இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் தனி. ஆர்சி செத்துப்போன வண்டிக்கு சிடிஐ வாங்குறது ஓட்டைப் பானையில தண்ணி ஊத்துற கதை. முதல்ல டிஎன் 70-ஓ டிஎன் 24-ஓ, உங்க ஆர்டிஓ-ல இது புதுப்பிக்க முடியுமான்னு பாத்துட்டு செலவு பண்ணுங்க.

கம்பெனிகளுக்கும் ஒரு வார்த்தை

எல்லா பாரத்தையும் வாங்குறவன் தலையில வைக்கிறதும் சரியில்ல. 2014-ல இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு சுமார் 2,545 கோடி அபராதம் விதிச்சது. ஸ்பேர் பார்ட்ஸ் வெளி மார்க்கெட்ல கிடைக்காம தடுக்குறாங்கங்கிறதுதான் வழக்கே. விஷயம் மேல்முறையீட்டுக்குப் போச்சு. 2022 டிசம்பர்ல மத்திய நுகர்வோர் துறை ரிப்பேர் உரிமைக்குன்னு ஒரு போர்ட்டல் திறந்தது, அதுல வாகனத் துறையும் இருக்கு. நல்ல ஆரம்பம்தான். ஆனா பழைய மாடலோட பார்ட் நம்பரும், ஓம்ஸ் அளவும், எந்தப் பார்ட்டுக்கு எது மாற்றுங்கிறதும் எல்லாருக்கும் தெரியுற மாதிரி வந்தாத்தான் பட்டறைக்காரருக்கும் உதவும். டூப்ளிகேட் சந்தை வளர்றது ஒரிஜினல் கிடைக்காத இடத்துலதான்.

காலேஜ்ல மாடல் ஏரோபிளேன் பறக்க விடுற தம்பிகளுக்கும் இதேதான். அந்த குட்டி பெட்ரோல் என்ஜின்லயும் ஒரு சிடிஐ-தான் இருக்கு, ஒரு சின்ன பேட்டரியில ஓடும். இறக்குமதி பார்ட்ங்கிறதால கூரியர், கஸ்டம்ஸ் எல்லாம் சேர்ந்து விலை ஏறிடும். பிளக், கேப், பேட்டரி, சென்சார் ஒயர் நாலையும் பாத்துட்டு அப்புறம் ஆர்டர் போடுங்க.

கடைசியா ஒரு சின்ன வேலை. இந்த மாசச் சம்பளத்துல இருந்து "வண்டி"ன்னு பேர் வச்சு ஒரு ஆர்டி போடுங்க, 500 ரூபாய். அடுத்த தடவை வண்டி ரோட்டுல நின்னா, அந்தப் பதட்டத்துல முடிவு எடுக்க வேண்டிய அவசியம் இருக்காது. மேல போட்ட கணக்குல உங்க மைலேஜ், உங்க தூரம், உங்க லோன் வட்டியை மாத்திப் போட்டுப் பாருங்க. எண்ணு என்ன சொல்லுதோ அதைக் கேளுங்க, ஷோரூம்ல சொல்றதை அப்புறம் கேக்கலாம்.

அடுத்த வீடியோவுல பாப்போம்.