அறுவடை நாளின் உரிமை



நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் அமெரிக்காவில் வாழும் நம்மவர் வீடுகளில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. பள்ளியில் காகித வான்கோழி செய்து எடுத்துவரும் பிள்ளை, "அத்தா, நாமும் தேங்க்ஸ்கிவிங் கொண்டாடுவோமா?" என்று கேட்கிறது. சில வீடுகளில், "அது நம்முடையதன்று" என்ற ஒரே வார்த்தையில் பேச்சு முடிந்துவிடுகிறது. வேறு சில வீடுகளில் எவ்விதச் சிந்தனையுமின்றி வான்கோழி அடுப்பேறிவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் அந்த ஒரே வார்த்தையைச் சொன்னவன்தான். மறுநாள் காலை என் மகன் செய்த காகித வான்கோழி குப்பைக் கூடையில் கிடந்தது. விளைச்சலுக்கு நன்றி சொல்வதே நம் மார்க்கத்தில் இல்லாத ஒன்று என அவன் எண்ணிவிட்டானோ என்ற கவலை அன்று முதல் என்னை விடவில்லை. அக்கவலையே இக்கட்டுரைக்குக் காரணம்.

முதலில் இந்நாளின் வரலாற்றை அறிவோம். 1620 ஆம் ஆண்டின் இறுதியில் மேஃபிளவர் கப்பலில் வந்து பிளிமத்தில் குடியேறிய ஆங்கிலேயருள் ஏறத்தாழப் பாதிப் பேர் முதல் குளிர்காலத்திலேயே மாண்டனர். எஞ்சியோருக்கு அம்மண்ணில் மக்காச்சோளம் பயிரிடக் கற்பித்தவர் திஸ்குவாண்டம் என்னும் பூர்வகுடி மனிதர். 1621 இலையுதிர்காலத்தில் விளைச்சல் வீடு வந்தபோது மூன்று நாள் விருந்து நடந்தது. வாம்பனோவாக் மக்களின் தலைவர் மாசசாய்ட் சுமார் 90 பேருடன் வந்து கலந்துகொண்டார். 5 மான்களை வேட்டையாடிக் கொடுத்தவர்களும் அம்மக்களே. 1863 இல் அதிபர் ஆபிரகாம் லிங்கன் நவம்பரின் கடைசி வியாழக்கிழமையை நாடு தழுவிய நன்றி நாளாக அறிவித்தார். 1941 இல் இயற்றப்பட்ட சட்டம் அதனை நான்காம் வியாழக்கிழமையாக நிலைநிறுத்தியது.

ஆயினும் அந்த விருந்தின் நட்பு நீடிக்கவில்லை. 1675 இல் மூண்ட போரில் மாசசாய்டின் மகனே குடியேறிகளை எதிர்த்து நின்று, மறு ஆண்டு கொல்லப்பட்டார். அவருடைய மக்களில் பலர் அடிமைகளாக விற்கப்பட்டனர். 1970 முதல் ஆண்டுதோறும் இதே நாளில் பூர்வகுடி மக்கள் பிளிமத்தில் கூடித் துக்கம் அனுசரித்து வருகின்றனர். பள்ளிப் பாடம் விருந்தோடு முடிந்துவிட்டால், மீதியைப் பிள்ளைகளுக்குச் சொல்வது பெற்றோர் பொறுப்பு.

இந்நாளைக் குறித்து மார்க்க அறிஞர்களிடையே இருவேறு கருத்துகள் உள்ளன. நமக்குப் பெருநாள்கள் இரண்டே. பிறருடைய பண்டிகையில் பங்கேற்பது அவர்களுக்கு ஒப்பாவதாகும் என்பர் ஒரு சாரார். இது வழிபாடு சாராத நாட்டு வழக்கம் என்பர் மறுசாரார். நம்பிக்கைக்குரிய ஆலிம்களிடம் கேட்டு அவரவர் முடிவு செய்துகொள்ளட்டும். எம்முடிவை ஏற்றாலும், விளைச்சலுக்கு நன்றி செலுத்துவது பற்றி இஸ்லாம் கற்பிப்பதைப் பிள்ளைக்கு எடுத்துரைக்கும் கடமை நம்மை விட்டு நீங்காது.

பருவத்தின் முதற்கனியை மதீனத்து மக்கள் நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவருவார்கள். அவர்கள் அதனைப் பெற்றுக்கொண்டு, கனிகளிலும் ஊரிலும் அளவைகளிலும் பரக்கத் வேண்டித் துஆச் செய்வார்கள். பின்னர் சிறு பிள்ளையை அழைத்து அக்கனியைக் கொடுத்துவிடுவார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள இச்செய்தியைவிடச் சிறந்த பதில் என் மகனுக்கு வேறு எது?

கனிகளை உண்ண அனுமதிக்கும் அல்அன்ஆம் அத்தியாயத்தின் 141 ஆம் வசனம், அறுவடை நாளிலேயே அதற்குரிய பங்கைக் கொடுத்துவிடவும், வீண்விரயம் செய்யாதிருக்கவும் கட்டளையிடுகிறது. மழையால் விளைந்ததில் 10 இல் ஒரு பங்கும், நீர் இறைத்து விளைவித்ததில் 20 இல் ஒரு பங்கும் ஸகாத் என நபி (ஸல்) அவர்கள் வரையறுத்தார்கள். ஏழைகள் வருமுன் அதிகாலையிலேயே கனிகளைப் பறித்துவிடத் திட்டமிட்ட தோட்டக்காரர்கள், அழிந்துபோன தோட்டத்தின் முன் திகைத்து நின்ற வரலாறு அல்கலம் அத்தியாயத்தில் உள்ளது.

நாம் உழவர்கள் அல்லர். கடையில் வாங்கி உண்பவர்கள். அப்பங்கு நம்மீது விதியாகாது என்பது உண்மையே. ஆயினும் உண்பதற்கு முன் இல்லாதவரை நினைக்க வேண்டும் என்ற பாடம் நமக்கும் உரியது.

உணவைப் பொறுத்தவரை, இப்பருவத்தில் கிடைக்கும் பூசணி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கிரான்பெர்ரி யாவும் அல்லாஹ்வின் அருட்கொடைகளே. சமைக்கும் முறையில்தான் கவனம் தேவை. வான்கோழி ஹலால் முறையில் அறுக்கப்பட்டதா எனப் பார்க்க வேண்டும். கிழங்கின்மேல் இடும் மார்ஷ்மெல்லோவில் பன்றி ஜெலட்டினும், கடையில் விற்கும் பூசணிப் பையின் மாவில் பன்றிக் கொழுப்பும் கலந்திருக்கக்கூடும். பிறர் வீட்டு விருந்தெனில் குழம்பில் ஒயின் சேர்ந்துள்ளதா என்று பணிவுடன் கேட்பதில் தவறில்லை.

தையற்காரர் ஒருவர் அளித்த விருந்தில் நபி (ஸல்) அவர்கள் தட்டில் சுரைக்காயைத் தேடி எடுத்து உண்டதைக் கண்டு, அன்று முதல் தாமும் அதனை விரும்பலானதாக அனஸ் (ரலி) அவர்கள் கூறிய செய்தி புகாரியில் உள்ளது. நெய்ச்சோற்றுக்குத் தால்ச்சா வைக்கும் நமக்குச் சுரைக்காயும், அதன் குடும்பத்தைச் சேர்ந்த பூசணியும் அந்நியமானவை அல்ல.

மனிதருக்கு நன்றி பாராட்டாதவர் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தியவராகார் என்பது நபிமொழியின் கருத்து. நம் பிரியாணிக்குக் காரம் தரும் மிளகாயும், மக்காச்சோளமும், உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்துப் பூர்வகுடிகள் பயிரிட்டு உலகுக்கு வழங்கியவை. அவர்களுக்கு நாம் நன்றிக்கடன் பட்டவர்கள். அவர்களுடைய துயரத்தை மறந்து உண்பது நன்றியாகாது.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். அந்த விடுமுறையில் சமையலுக்கு எவ்வளவு செலவிடுவோமோ, அதே தொகையை முதலில் உள்ளூர் உணவு வங்கிக்குக் கொடுத்துவிடுகிறோம். விடுதியில் தனித்திருக்கும் நம்மூர் மாணவர்களை அழைக்கிறோம். இதனைப் பெருநாளாகக் கருதுவதில்லை. துஆ ஓதியபின் முதல் கவளம் வீட்டின் சிறிய பிள்ளைக்கு. மீந்த உணவு அன்றே பகிரப்படுகிறது. சென்ற ஆண்டு உணவு வங்கிக்கான உறையைத் தன் கையாலேயே கொடுத்தவன் என் மகன்.

அருட்கொடைகளை உணர்ந்து, அவற்றில் எளியோருக்குரியதை மறவாமல் வழங்கும் நன்மக்களாக நம்மையும் நம் சந்ததியினரையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.