தோற்பதற்கும் முதல் வேண்டும்!

பூட்டு! பித்தளைப் பூட்டு! பழங்காலத்துக் கோட்டைக் கதவிலே அல்ல, பணக்காரரின் பெட்டகத்திலும் அல்ல. சென்னையின் தெற்கே நாம் பாடம் சொல்லித் தரும் பள்ளிக்கூடத்தின் மாடியிலே, 'புத்தாக்கக் கூடம்' என்று பலகை தொங்கும் அறையின் கதவிலே! உள்ளே முப்பரிமாண அச்சுப்பொறி உறையைப் போர்த்திக்கொண்டு உறங்குகிறது. ஆண்டுக்கு இருமுறை அது விழிக்கும். அதிகாரி பார்வையிட வரும் நாளில் ஒருமுறை; ஆயுத பூசையன்று சந்தனமும் குங்குமமும் பெற்றுக்கொள்ள மறுமுறை!

ஏன் இந்தப் பூட்டு என்று கேட்டோம். "உடைந்தால் யார் பொறுப்பு?" என்று பதில் வந்தது. இருப்புப் பதிவேட்டிலே ஏறிவிட்ட பொருள், தணிக்கையாளர் வருவார், ஒரு கம்பி குறைந்தாலும் கேள்வி எழும், கேள்விக்குப் பின்னே சம்பளப் பிடித்தம் வரும் என்ற அச்சம். அஞ்சும் ஆசிரியரை நாம் குறை கூறவில்லை. நாமும் சம்பளத்தை நம்பி வாழ்பவர்தாம்! ஆனால் எண்ணிப் பாருங்கள், தோழர்களே! செய்து பார், தவறிப் பார், மறுபடி செய்து பார் என்பதற்காகவே அமைந்த கூடத்திலே, தவறுவது குற்றமாகிவிட்டது. நீந்தக் கற்றுத் தரக் குளம் வெட்டினார்கள்; நீர் கலங்கிவிடுமே என்று வேலி போட்டார்கள்!

எந்தத் திட்டத்தின் பெயரால் வந்த கூடம் என்பது நமக்கு முக்கியமன்று. திட்டங்களுக்கா பஞ்சம்? ஒன்றிய அரசின் நிதி ஆயோக் 2016இல் அடல் புத்தாக்க இயக்கத்தைத் தொடங்கிற்று. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயிலும் பிள்ளைகளுக்கென, கூடம் ஒன்றுக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம். நாடெங்கும் 10,000 கூடங்கள் எழுந்தன. 2024 நவம்பரிலே, 2028 மார்ச் வரைக்கென 2,750 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் தந்தார்கள். அரசுப் பள்ளிகளில் மேலும் 50,000 கூடங்கள் என்று 2025 வரவு செலவுத் திட்டம் கூறிற்று. தமிழ்நாட்டிலோ 2022 மார்ச் முதல் நாள் 'நான் முதல்வன்' பிறந்தது. புத்தொழில்களுக்கு விதைநிதி வந்தது. பட்டியல் இனத்தார், பழங்குடியினர் தொடங்கும் புத்தொழில்களுக்கென 2022-23இல் 30 கோடி ரூபாய் நிதியம் ஒன்று ஏற்பட்டது. இவற்றைப் பழிப்பது நம் நோக்கமல்ல. வரவேற்கிறோம், மனமாரவே.

வரவேற்றுவிட்டு, வாயிற்படியிலே நின்று ஒரு கேள்வி கேட்கிறோம்: தோற்றவனுக்கு என்ன தருகிறீர்கள்?

கேள்வி எங்கே பிறந்தது என்பதைச் சொல்லவேண்டும். நொச்சிக்குப்பத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி. தாய் மீன் விற்பவர். பனிக்கட்டி உருகி, அந்த நீரிலேயே மீன் ஊறிக் கெடுவதை அந்தப் பெண் பிறந்தது முதல் பார்த்தவள். தெர்மாகோல் பெட்டிக்குள்ளே மூங்கில் சட்டங்களால் இன்னோர் அடித்தட்டு அமைத்தாள். உருகும் நீர் கீழே இறங்கிக் குழாய் வழியே வெளியேற வழி செய்தாள். பள்ளிகளுக்கிடையே நடந்த கண்காட்சி ஒன்றுக்கு அழைத்துச் சென்றோம். நடுவர் இருவர் வந்தனர். "சந்தை மதிப்பு என்ன? ஆங்கிலத்திலே மூன்று நிமிடம் சொல்" என்றனர். சொல்லத் தெரியவில்லை. பரிசு, பேசும் குப்பைத்தொட்டிக்குப் போயிற்று. அதற்கு வேண்டிய உணர்விகளையும் பலகைகளையும் பணம் வாங்கிக்கொண்டு பொருத்திக் கொடுக்கும் பயிற்சிக் கடை ஒன்று இருப்பதைப் பின்னர் அறிந்தோம். குப்பைத்தொட்டி பேசிற்று, குப்பத்துப் பெண் பேசவில்லை!

அதற்காகக்கூட நாம் வருந்தவில்லை. திரும்பும் பேருந்திலே அவள் கேட்டாளே, அதுதான் நெஞ்சைத் தைத்தது. "சார், குழாய் இடம் தப்பா வச்சிட்டேன். இன்னொரு தடவ செய்யணும். பெட்டி யாரு வாங்கித் தருவாங்க?"

இன்னொரு தடவை! அடையாற்றிலே மாடிவீடு படைத்த தந்தையின் மகன் தொழில் தொடங்கித் தோற்றால், அதற்கு 'அனுபவம்' என்று பெயர். குப்பத்துப் பிள்ளை தோற்றால், அதற்குக் கடன் என்று பெயர்; வட்டி என்று பெயர்; தாயின் காதிலிருந்த தோடு அடகுக்கடைக்குப் போயிற்று என்று பெயர். சென்னை ஐ.ஐ.டி. 2024-25ஆம் நிதியாண்டிலே நூற்றுக்கு மேற்பட்ட புத்தொழில்களை அடைகாத்தது. பெருமைதான்! அங்கே அடைகாத்தல் என்றால் இடமும் கருவியும் வழிகாட்டியும் தருதல். முட்டை கூழாகப் போனால் கோழியைச் சிறையிலிடுவதில்லை. அந்தப் பரிவு, சில கல் தொலைவிலுள்ள மாநகராட்சிப் பள்ளிக்கு வராததேன்?

"ஏழையாய்ப் பிறந்து விஞ்ஞானியாய் உயர்ந்தோர் இல்லையா?" என்பர் மேதாவிகள். உண்டு. லண்டனிலே ஒரு கொல்லன் மகன்; புத்தகம் கட்டும் கடையிலே வேலை பழகச் சென்றான். கட்ட வந்த புத்தகங்களைப் படித்தான். கடைக்கு வந்தவர் தந்த இலவசச் சீட்டைக் கொண்டு 1812இல் டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டான். மைக்கேல் பாரடே அவன் பெயர். 1813இல் ராயல் இன்ஸ்டிடியூஷன் அவனுக்கு வேலை தந்தது. வாரச் சம்பளம், தங்க அறை, குளிர்காயக் கரி, இரவுக்கு மெழுகுவத்தி! 1825இல் முயன்றான், மின்சாரம் பிறக்கவில்லை. 1831இல்தான் காந்தத்தைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் வழி கண்டான். பதினெட்டு ஆண்டு! தோற்ற நாளின் மறுநாளும் உலை கொதித்தது. ஆகவே உலகுக்கு ஒளி கிடைத்தது. கொல்லன் மகனுக்குக் கொல்லுப்பட்டறையே போதும் என்று நிறுத்தியிருந்தால்?

நிறுத்தப் பார்த்தவர்கள் இங்கே உண்டு. 1953இலே ஆச்சாரியார், பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மீதி நேரம் தகப்பன் தொழிலைப் பழகச் சொன்னார். நாடு கொதித்தது, 1954இல் அந்தக் குலக்கல்வி குழிக்குப் போயிற்று. 2023இலே விசுவகர்மா என்ற பெயரோடு 18 கைத்தொழில்களுக்கு ஒன்றிய அரசின் உதவித் திட்டம் வந்தபோது, குடும்பத் தொழிலாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை கூடவே வந்தது. நிபந்தனையை நீக்கச் சொல்லிற்று தமிழ்நாடு. நீங்காதபோது 2024இல் மறுத்தது. ஒரு கையிலே புத்தாக்கம், மறு கையிலே குலத்தொழில்! சிலருக்கு எதிர்காலம், பலருக்குத் தாத்தாவின் உளி!

தியாகராய நகரிலே, நாளெல்லாம் நின்று துணி விரிக்கும் பெண்கள் உட்கார இருக்கை வேண்டும் என்பதற்கு, 2021இல் சட்டமே இயற்றவேண்டியிருந்தது. அந்தப் பெண்களின் தம்பி, தங்கைகள் நம் வகுப்பிலே இருக்கிறார்கள். எது தேவை என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

நாம் கேட்பவை பெரிதல்ல. புத்தாக்கக் கூடத்தின் பொருள்களை, உடைந்தால் ஆசிரியரிடம் பிடித்தம் செய்யும் பட்டியலிலிருந்து நீக்குங்கள். சுண்ணக்கட்டி தேய்கிறதென்று எவரும் தண்டம் கேட்பதில்லையே! கூடத்துக்கென்றே ஓர் ஆசிரியரைத் தாருங்கள். ஆறு வகுப்புக்குக் கணக்கு எடுப்பவரின் தலையிலே ஏழாவது சுமையாக அதை ஏற்றாதீர்கள். கண்காட்சிகளிலே தமிழிலே பேச விடுங்கள். வென்ற பிள்ளைக்குக் கேடயம் தருவதுபோல், தோற்ற பிள்ளைக்கு இரண்டாம் பெட்டி வாங்கப் பணம் தாருங்கள். சில நூறு ரூபாய்தான். 2,750 கோடியிலே அது எந்த மூலைக்கு?

திங்கட்கிழமை மாலை, பள்ளி விட்டபின், சாவியைக் கேட்கப் போகிறோம். பொறுப்பை எழுதிக் கொடு என்பார்கள். எழுதிக் கொடுத்துவிட்டுக் கதவைத் திறப்போம். பெட்டியும் மூங்கில் சட்டமும் வாங்கியாயிற்று. குழாயை இம்முறை எங்கே வைப்பது என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியும்.