செலவைக் குறைத்தால் ஓட்டுப் போடுவோமா?

"கவர்மெண்ட் ஏன் செலவைக் குறைக்க மாட்டேங்குது?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். 2003-ல் ஜெயலலிதா அரசு குறைத்துப் பார்த்தது. விவசாய மின்சாரத்துக்குக் கட்டணம் வைத்தது. அரசு ஊழியர் சலுகைகளையும் வெட்டியது. 2004 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதியிலும் அந்தக் கூட்டணி தோற்றது. அதற்கு இதுவும் ஒரு காரணம் என்றார்கள். உடனே மின்சாரம் மறுபடி இலவசம்! இதைப் பார்த்தபிறகு வேறு யாருக்குத் துணிச்சல் வரும்?

2021 வெள்ளை அறிக்கைப்படி, தமிழக அரசின் கடனைப் பங்கிட்டால் ஒரு குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய்.

எங்கள் கரும்புக் கொல்லை மோட்டாரும் இலவச மின்சாரத்தில்தான் ஓடுது. அதை நிறுத்தச் சொல்ல எனக்கும் மனசு வரலை. ஆகவே தப்பு தலைவர்கள் மேல் மட்டுமில்லை. இன்னும் நாலு வருஷத்தில் நமக்கும் ஓட்டு வரும். "அது தர்றேன், இது தர்றேன்" என்று வருபவரிடம், "பணம் எங்கேயிருந்து வரும்?" என்று கேட்போம். கடனைக் கட்டப் போவது நாமதானே!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, எறையூர்