மலைக்கு மாணவராய்ச் செல்வோம்

மலையும் மலைசார்ந்த நிலமும் குறிஞ்சி என வகுத்த மரபினர் நாம். ஆயினும் மலையை உள்ளவாறு அறிந்தோர் நம்முள் மிகச் சிலரே. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீ, மலையேற்றம் சென்றிருந்த 23 பேரின் உயிரைக் கவர்ந்தது. அவர்களுள் பலர் இளம் பருவத்தினர்.

அதன்பின், “பிள்ளைகள் மலைப்பக்கமே போக வேண்டா” என்னும் குரல் பல இல்லங்களில் எழுந்தது. பெற்ற மனத்தின் நடுக்கத்தை நாம் மதிக்கின்றோம். ஆனால் அம்முடிவை ஏற்க இயலவில்லை. தடையினால் அறியாமை நீங்குவதில்லை.

கோடையில் காய்ந்த புல் நொடியில் பற்றும். சரிவில் மேலேறும் தீ, சமநிலத்தில் பரவுவதினும் விரைந்து பரவும். மேல்நோக்கி ஓடுவோரை எளிதில் எட்டிவிடும். மலைவாழ் மக்கள் இதனை ஏட்டில் படித்தவர்கள் அல்லர், வாழ்ந்து அறிந்தவர்கள்.

குரங்கணித் துயருக்குப்பின் தமிழக அரசு மலையேற்றத்திற்கு விதிகள் வகுத்தது. 2024இல் முன்பதிவு முறையில் 40 வழித்தடங்கள் திறக்கப்பட்டன. பயிற்சி பெற்ற உள்ளூர் மக்களே அவற்றில் வழிகாட்டிகள். இது நல்வழி என்பது நம் கருத்து.

பட்டம் பெற்ற இளைஞர், பள்ளி காணாத மலைமகன் ஒருவரை ஆசானாக ஏற்கும் பணிவே இங்கு வேண்டப்படுவது. அவர் “திரும்புவோம்” என்றால், உச்சி கண்ணெதிரே தெரியினும் திரும்புவதே வீரம். பெற்றோரே, தடுக்க வேண்டா; மாணவரே, விதி மீற வேண்டா. மலையை வெல்லப் புறப்படாமல், அதனிடம் கற்கப் புறப்படுவோம்.