இரண்டாம் தீபாவளி

2010-ஆம் ஆண்டு தீபாவளி நவம்பர் 5-ஆம் தேதி வந்தது. நான்கு நாள் கழித்து, 9-ஆம் தேதி காலையில், கோவைத் தெருக்களில் மறுபடியும் சரவெடி. வழியில் போகிறவர்களை நிறுத்தி இனிப்புக் கொடுத்தார்கள். அக்டோபர் 29-ஆம் தேதி பள்ளிக்குக் கிளம்பிய ஓர் அக்காவும் தம்பியும் கடத்தப்பட்டு, பரம்பிக்குளம்–ஆழியாறு திட்ட வாய்க்காலில் தள்ளிக் கொல்லப்பட்டிருந்தார்கள். கைதான இருவரில் ஒருவர் அந்தக் குழந்தைகளுக்கு ஏற்கெனவே பழக்கமான கார் ஓட்டுநர். அவர் அன்று விடியற்காலை போலீஸ் காவலில் இருக்கும்போதே சுட்டுக் கொல்லப்பட்டார். துப்பாக்கியைப் பறித்துச் சுட்டார், தற்காப்புக்காகத் திருப்பிச் சுட்டோம் என்றது போலீஸ். அந்தக் கதையை யாரும் நம்ப வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நம்பாமலேயே கொண்டாடினார்கள்.

அந்த வெடிச் சத்தத்துக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஊரில் ஒரு குழந்தை கொல்லப்படும்போதெல்லாம் அது எழுந்து வந்து நிற்கும். டீக்கடையிலும் பேசப்படும், வாட்ஸ்அப்பிலும் சுற்றும்: “இவனையெல்லாம் கோர்ட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. நடுரோட்டில் வைத்துச் சுட வேண்டும். அப்போதுதான் பயம் வரும்.” ஊர் கொதித்தால் நீதி கிடைக்கும், எவ்வளவு கொதிக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் கிடைக்கும் என்பதே இதன் சாரம். இதைச் சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. பெரும்பாலும் பிள்ளை பெற்றவர்கள், இரவில் தூக்கம் வராதவர்கள். ஆனாலும் இந்த நம்பிக்கை பொய். இறந்த குழந்தைக்கு நாம் செய்யும் இரண்டாவது துரோகம் இது என்றே சொல்வேன்.

முதலில் பயத்தின் கணக்கைப் பார்த்துவிடலாம். சுட்டால் பயம் வரும் என்பது உண்மையானால், இந்த நாட்டிலேயே குழந்தைகளுக்குப் பாதுகாப்பான ஊர் கோவையாக இருந்திருக்க வேண்டும். 2019 மார்ச்சில் அதே கோவையின் துடியலூருக்கு அருகே, பன்னிமடையில், வீட்டு வாசலில் விளையாடிக்கொண்டிருந்த சிறுமி காணாமல் போனாள். மறுநாள் வீட்டுக்குப் பக்கத்திலேயே உடலாகக் கிடைத்தாள். எட்டு வருடத்துக்கு முன் வெடித்த வெடி யாருடைய காதிலும் விழுந்திருக்கவில்லை.

மரண தண்டனைச் சட்டத்தின் கதையும் இதேதான். 2018 ஏப்ரலில், ஜம்மு–காஷ்மீரின் கத்துவாவில் ஒரு சிறுமி வன்புணர்ந்து கொல்லப்பட்டதால் நாடு கொதித்தபோது, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறுமியை வன்புணர்ந்தால் மரண தண்டனை வரை விதிக்கலாம் என்று மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. கேட்க ஆறுதலாக இருந்தது. ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் புள்ளிவிவரத்தைப் புரட்டிப் பாருங்கள். குழந்தைகள்மீதான வன்புணர்வு வழக்குகளில் நூற்றுக்கு 90-க்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவர். மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர், வேன் ஓட்டுநர், வாத்தியார். தூக்குக் கயிறு தொங்கும் இடத்துக்குத் தன் தம்பியை அனுப்ப எந்தக் குடும்பம் முன்வரும்? புகார் வாசலைத் தாண்டாது. வன்புணர்வுக்கும் கொலைக்கும் ஒரே தண்டனை என்றால், குழந்தையை உயிரோடு விட்டுவைக்க அந்த ஆளுக்கு இருக்கும் கடைசிக் காரணத்தையும் நாமே பிடுங்கிவிடுகிறோம்.

தெரிந்த முகம் என்ற இந்த உண்மை நமக்குப் பிடிப்பதில்லை. அதனால் ஊரின் கோபம் எப்போதும் தெரியாத முகத்தைத்தான் தேடுகிறது. 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி தமிழ்நாடு முழுக்கப் பரவிய நேரம். சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பம், திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகே அத்திமூரில் வழி கேட்கக் காரை நிறுத்தியது. உடன் வந்த 65 வயது மூதாட்டி அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லெட் கொடுத்தார். ஊர் கூடி அவரை அடித்தே கொன்றது. அடித்தவர்களைக் கேட்டால் குழந்தைகளைக் காப்பாற்றத்தான் அடித்தோம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஒரு கிழவி தன் பேரப்பிள்ளை வயதுக் குழந்தைக்கு மிட்டாய் நீட்டியதற்கு விலை உயிர்.

“அது வதந்தி. உண்மையிலேயே கொலை நடந்து, போலீஸ் ஆளையும் பிடித்துவிட்டால்?” என்று கேட்பீர்கள். அதற்கு குருகிராம் பதில் சொல்லும். 2017 செப்டம்பர் 8-ஆம் தேதி, ஒரு தனியார் பள்ளியின் கழிப்பறையில் இரண்டாம் வகுப்புச் சிறுவன் கழுத்தறுபட்டுக் கிடந்தான். அன்றே பள்ளிப் பேருந்து நடத்துநர் கைதானார். ஒப்புக்கொண்டுவிட்டார் என்று போலீஸ் அறிவித்தது. கேமரா முன்னாலும் நிறுத்தப்பட்டார். ஊர் திரண்டது, பள்ளிக்குப் பக்கத்திலிருந்த மதுக்கடை எரிந்தது, தூக்கில் போடு என்று தொலைக்காட்சிகள் அலறின. அந்த ஆள் ஏழை, பள்ளியின் கடைநிலை ஊழியர். சந்தேகிக்க இதைவிட வசதியான முகம் கிடைக்குமா? வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. இரண்டே மாதத்தில் கதை தலைகீழானது. தேர்வைத் தள்ளிப்போடுவதற்காக அதே பள்ளியின் பதினோராம் வகுப்பு மாணவர் ஒருவர் செய்த கொலை என்றது சி.பி.ஐ. நடத்துநர் முதலில் ஜாமீனில் வந்தார், 2018-இல் வழக்கிலிருந்தே விடுவிக்கப்பட்டார். அடித்து ஒப்புக்கொள்ள வைத்தார்கள் என்றார் அவர். அவரைப் பொய்யாகச் சிக்கவைத்ததாக ஹரியாணா போலீஸ்காரர்கள்மீதே பிறகு குற்றப்பத்திரிகை தாக்கலானது.

கோவையில் விடிந்ததுபோல் குருகிராமிலும் ஒரு விடியற்காலை விடிந்திருந்தால்? நடத்துநர் ‘துப்பாக்கியைப் பறித்திருப்பார்’. நாடு பூத் தூவியிருக்கும். உண்மையில் என்ன நடந்தது என்று கேட்க ஆளே இருந்திருக்காது. 2019 டிசம்பரில் ஹைதராபாத்தில் ஒரு வன்புணர்வு–கொலை வழக்கில் கைதான நான்கு பேரைச் சுட்ட போலீஸ்காரர்கள்மீது மக்கள் பூத் தூவத்தான் செய்தார்கள். அதை விசாரித்த சிர்புர்கர் ஆணையம், கொல்லும் நோக்கத்தோடே சுட்டார்கள் என்றும், செத்தவர்களில் மூன்று பேர் சிறார்கள் என்றும் 2022-இல் சொன்னது. பூக்கள் அதற்குள் குப்பைக்குப் போய் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

கோவை வழக்கிலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. இரண்டாவது ஆள் நீதிமன்றத்துக்குப் போனார். மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2019-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தபோது மூன்று நீதிபதிகளில் ஒருவர் தூக்கு வேண்டாம் என்று மாறுபட்டார். இரண்டு பேர் சேர்ந்து செய்த குற்றத்தில் யார் திட்டமிட்டது, யார் எதைச் செய்தது என்பதைச் சொல்லக்கூடிய ஒரு வாய், விடியற்காலையிலேயே அடைக்கப்பட்டுவிட்டது. வெடி வெடித்த யாருக்கும் அது இழப்பாகத் தெரியவில்லை. தங்கள் பிள்ளைகளின் கடைசி மணி நேரம் எப்படிப் போனது என்று தெரிந்துகொள்ளும் உரிமை பெற்றவர்களுக்கு உண்டல்லவா? அதில் பாதியை அந்தத் தோட்டா எடுத்துக்கொண்டு போய்விட்டது.

இதையெல்லாம்விட நம் முகத்தில் அறைகிற வழக்கு ஒன்று உண்டு. 2017 பிப்ரவரியில் சென்னை போரூருக்கு அருகே முகலிவாக்கத்தில் ஏழு வயதுச் சிறுமி கொல்லப்பட்டாள். அதே அடுக்ககத்தில் குடியிருந்த இளைஞர் கைதானார். அவர் ஜாமீனில் வெளியே வந்திருந்த காலத்தில் அவருடைய தாயார் கொல்லப்பட்டார். அந்தக் கொலையும் அவர்மீது சுமத்தப்பட்டது. ஊரின் கொதிப்பு உச்சிக்கு ஏறியது. நீதிமன்ற வாசலிலேயே அடிக்கப் பாய்ந்தார்கள். ஏன் இன்னும் தூக்கில் போடவில்லை என்பதுதான் அன்றைய ஒரே கேள்வி. நீதிமன்றமும் ஓடியது. குற்றச்சாட்டு வனையப்பட்டபோது அவருக்கு வழக்கறிஞர் இல்லை. சட்ட உதவி வழக்கறிஞர் அமர்த்தப்பட்ட சில நாட்களிலேயே சாட்சி விசாரணை தொடங்கிவிட்டது. 2018 பிப்ரவரி 19-ஆம் தேதி, குற்றவாளி என்ற தீர்ப்பும் மரண தண்டனையும் ஒரே நாளில் வந்தன. அதே ஆண்டு ஜூலையில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. பார்த்தீர்களா, கொதித்தோம், கிடைத்தது என்று ஊர் நிம்மதியாகத் தூங்கப் போனது.

2025 அக்டோபர் 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. சிறுமியோடு அவரைக் கண்டதாகச் சொன்ன சாட்சியம் நிற்கவில்லை. கண்காணிப்புக் கேமராப் பதிவு முறைப்படி நிரூபிக்கப்படவில்லை. தடய அறிவியல் மாதிரிகள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயின என்ற தொடர் அறுந்து கிடந்தது. தன் தரப்பைச் சொல்லப் போதிய வாய்ப்பில்லாமல் விசாரணை அவசரமாக முடிக்கப்பட்டதையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. தாயின் கொலை வழக்கிலும் அவர் ஏற்கெனவே விடுதலையாகியிருந்தார். செய்தி வந்த அன்று மாலை, நீதி செத்துவிட்டது என்று பதிவுகள் குவிந்தன. சட்டத்தின் கண்ணில் இன்று அந்தச் சிறுமியைக் கொன்றவர் என்று யாரும் இல்லை. அவர் செய்யவில்லை என்றால், செய்தவர் எட்டு வருடத்துக்கு மேலாக நம் நடுவே நடமாடுகிறார். அவர்தான் செய்தார் என்றால், அவரை வெளியே கொண்டுவந்தது நம் அவசரம் பெற்றெடுத்த ஓட்டை வழக்கு. இந்த இரண்டில் எதுவானாலும் சிறுமி தோற்றுவிட்டாள். நீதியைக் கொன்றது 2025-இன் தீர்ப்பு என்கிறீர்கள். அது 2017-இலேயே, எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தபோது செத்துப்போனது.

“உன் பிள்ளையாக இருந்தால் இப்படி எழுதுவாயா?” இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். என் பிள்ளையாக இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடிக்கும். கையில் அரிவாள் கிடைத்தால் எடுப்பேன். அதனால்தான் அந்த அரிவாளை என் கையில் கொடுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. பெற்றவர் கோபம் வேறு, பார்த்தவர் கோபம் வேறு. பெற்றவர் கோபத்துக்கு வாழ்நாள் ஆயுள். பார்த்தவர் கோபம் அடுத்த கிரிக்கெட் ஆட்டம் வரைக்கும். பெற்றவர் துக்கத்தை இரவல் வாங்கி, அவர் கேட்காத ரத்தத்தைக் கேட்டு, மறுவாரம் திருப்பிக் கொடுக்காமலே மறந்துபோகிற கூட்டத்துக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் தகுதி இல்லை.

அந்த இரவல் துக்கம் வீட்டுக்குள்ளும் நுழைகிறது. “அம்மா எங்கே போயிருந்தாள்? போனைப் பார்த்துக்கொண்டிருந்தாளா?” கொன்றவனைப் பற்றிப் பேசித் தீர்ந்ததும் அடுத்த விசாரணை தாயின்மேல். பெற்றவள் கவனக்குறைவாக இருந்தாள் என்று நிரூபித்துவிட்டால், கவனமாக இருக்கும் நம் வீட்டுக்கு இது வராது என்று நினைத்துக்கொள்ளலாம். ஒருத்தியின் நெஞ்சில் காலை வைத்து ஏறி நின்று நாம் அடையும் நிம்மதி அது.

குழந்தையின் படம் இன்னொரு கொடுமை. பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தையின் பெயரையோ படத்தையோ வெளியிடக் கூடாது என்கிறது போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு. கத்துவாச் சிறுமியின் அடையாளத்தை வெளியிட்ட ஊடக நிறுவனங்கள் தலா 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018-இல் உத்தரவிட்டது. பட்டுப்பாவாடை கட்டிய பிறந்தநாள் படத்தைச் சுவரில் ஒட்டி, அதன் கீழே கண்ணீர்ப் பொம்மை போடுகிறவருக்கு எந்த நீதிமன்றமும் அபராதம் போடவில்லை. அந்தப் படம் அந்தக் குழந்தையின் உடன்பிறந்தவர் கைப்பேசிக்கும் ஒருநாள் வந்து சேரும்.

அதே கத்துவா வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு ஆதரவாக ஊர்வலம் போனதும் ஒரு கூட்டம்தான். செத்தவள் நாடோடிச் சமூகத்துப் பிள்ளை. கொதிப்பே நீதி என்று சொல்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். கூட்டத்துக்குச் சாதி உண்டு, மதம் உண்டு, ‘நம்மாள்’ உண்டு. யாருடைய பிள்ளைக்காகக் கொதிப்பது என்பதை அது முதலிலேயே முடிவு செய்துவிடுகிறது.

வழக்குகள் இழுத்தடிக்கப்படுகின்றன என்பது பொய்யில்லை. போக்சோ வழக்கை இயன்றவரை ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டமே சொல்லியும் வருடக்கணக்கில் கிடக்கின்றன. வேகம் வேறு, அவசரம் வேறு. கொலை நடந்த இடத்தைக் கூட்டம் மிதிப்பதற்கு முன் கயிறு கட்டுவதும், கேமராப் பதிவை அழிவதற்குள் முறைப்படி எடுத்து முத்திரை வைப்பதும், தடய அறிவியல் கூடத்துக்கு ஆள் போடுவதும், குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தேர்ந்த வழக்கறிஞரை முதல் நாளே கொடுப்பதும்தான் வேகம். கடைசியாகச் சொன்னது பலருக்குக் கசக்கும். யாருக்காகவும் ஆஜராக மாட்டோம் என்று வழக்கறிஞர் சங்கங்கள் போடும் தீர்மானங்கள் செல்லாது என்று 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கோவை வழக்கறிஞர் சங்கம் வேறொரு விவகாரத்தில் போட்ட தீர்மானத்தை ஒட்டி வந்த தீர்ப்பு அது. நல்ல எதிர்வாதத்தில் தாக்குப்பிடித்த தண்டனைதான் மேல்முறையீட்டிலும் நிற்கும். எதிர்வாதமே இல்லாமல் வாங்கிய தண்டனை என்ன ஆகும் என்பதை முகலிவாக்கத்தில் பார்த்துவிட்டோம்.

ஒரு கொலை வழக்கில் சாட்சிக்கு அழைப்பாணை வரும்போது மெழுகுவத்திகள் உருகிப் பல மாதம் ஆகியிருக்கும். எதிர்வீட்டில் சத்தம் கேட்டவர், கடை வாசலில் ஆளைப் பார்த்தவர், கேமரா வைத்திருந்தவர் எல்லாம் ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் ஏறி, நீதிமன்ற வராந்தாவில் காத்திருக்க வேண்டும். குறுக்கு விசாரணையில் அவமானப்பட வேண்டும். “நமக்கெதற்கு வம்பு” என்று வீட்டில் சொல்வார்கள். டவாலி வெளியே வந்து பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிடுவார். வராந்தாவின் பெஞ்சில் குழந்தையின் அப்பா மட்டும் தலை நிமிர்ந்து வாசலைப் பார்ப்பார்.