கருவியில் தமிழுக்கும் இடம் கொடுப்போம்

சென்ற ஆண்டு ஒரு மின்னூல் வாசிப்புக் கருவி வாங்கினேன். லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் ஏறி பொங்கோல் போய்ச் சேரும்வரை படிக்கலாம் என்பது எண்ணம். மூன்று மாதங்களில் இருபது ஆங்கில நூல்கள் அதில் சேர்ந்துவிட்டன. தமிழ் நூல் ஒன்றுகூட இல்லை.

தமிழில் படிக்க ஆசை இல்லாமல் இல்லை. முதலில் நான் ஏற்றிய தமிழ் நூல், பக்கங்களைப் படமாக எடுத்த பிடிஎஃப் கோப்பு. ஆறு அங்குலத் திரையில் எழுத்துகள் எறும்புபோல் தெரிந்தன. பெரிதாக்கினால் பாதி வரி திரைக்கு வெளியே போனது. அடுத்த கோப்பில் 'தேக்கா' என்ற சொல்லின் கொம்பு ஒருபக்கமும் எழுத்து ஒருபக்கமுமாகக் கிடந்தன. அலுத்துப்போய் ஆங்கில நாவலுக்கே திரும்பினேன்.

நம் இளையர் பலருக்கும் இதே அனுபவம் இருக்கும். யாரும் தமிழ் வேண்டாம் என்று முடிவெடுப்பதில்லை. சின்னத் தொந்தரவு வந்ததும் எளிதானதை எடுத்துக்கொள்கிறோம். அப்படியே தமிழ் வாசிப்பு பாடநூலோடு நின்றுவிடுகிறது.

ஆனால் இந்தத் தொந்தரவுகள் தீர்க்கக்கூடியவை. இதைவிடப் பெரிய தொந்தரவை நம் ஊர்க்காரர் ஒருவர் தீர்த்திருக்கிறார். கணினியில் தமிழ் எழுத்து வருவதே பெரும்பாடாக இருந்த 1995ல், சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறின. அதில் தமிழ் இடம்பெற உழைத்தவர் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி. 1997ல் தமிழ் இணைய மாநாட்டை இங்கேயே கூட்டியவரும் அவர்தான். அன்று எழுத்துருவையும் விசைப்பலகையையும் உருவாக்கவேண்டியிருந்தது. இன்று நாம் சரியான கோப்பைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

நான் தட்டுத்தடுமாறிக் கற்றதைச் சொல்கிறேன். கருவி வாங்குமுன், முடிந்தால் ஒரு தமிழ்ப் பக்கத்தை அதில் திறந்து பாருங்கள். கொம்பும் காலும் உரிய இடத்தில் நின்றால் நம்பி வாங்கலாம். எழுத்துக்குப் பதில் கட்டம் தெரிந்தால், கிண்டில், கோபோ இரண்டிலும் 'ஃபான்ட்ஸ்' என்ற கோப்புறையில் தமிழ் யூனிகோட் எழுத்துரு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம்.

பிடிஎஃப் இருந்தாலும் இபப் வடிவத்தைத் தேடுங்கள். அதில் எழுத்தின் அளவைக் கூட்டினால் வரிகள் தாமாகவே திரைக்கேற்ப மடங்கிக்கொள்ளும். 1998ல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய இலக்கியங்களை இலவசமாகத் தருகிறது. ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளத்தில் இபப் கோப்புகளும், ஆறு அங்குலத் திரைக்கென்றே அமைத்த பிடிஎஃப் கோப்புகளும் கிடைக்கின்றன. கிண்டில் கடையிலும் 2016 முதல் தமிழ் நூல்கள் விற்பனைக்கு உள்ளன.

தேசிய நூலக வாரியத்தின் மின்னூல்களை லிபி செயலிவழி இரவல் பெறலாம். தவணை முடிந்ததும் நூல் தானே திரும்பிவிடும், அபராதம் கிடையாது. ஆனால் அவற்றைக் கிண்டிலுக்கு அனுப்பும் வசதி அமெரிக்க நூலகங்களுக்கு மட்டுமே உண்டு. இரவல் நூல்தான் உங்கள் தேவை என்றால், கருவி வாங்குமுன் இதை யோசியுங்கள். 2015ல், நாட்டின் பொன்விழாவையொட்டி, ஐம்பதாண்டுச் சிங்கப்பூர்த் தமிழ் நூல்கள் மின்வடிவம் பெற்றன. அவற்றைச் சிறு திரையில் படித்துச் சிரமப்படாமல், கைக்கணினியில் திறப்பது நல்லது.

ஒன்றை மறக்கவேண்டாம். கடையில் மின்னூலுக்குப் பணம் கட்டினாலும் பெரும்பாலும் நமக்குக் கிடைப்பது படிக்கும் உரிமை மட்டுமே. 2009ல் அமேசான், ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலின் ஒரு பதிப்பை வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே நீக்கியது. பணம் திரும்பி வந்தது. எனவே மிகவும் பிடித்த நூலை அச்சிலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நம் எழுத்தாளர்களின் நூல்கள் சில இன்னும் அச்சில்தான் கிடைக்கின்றன. அவற்றைத் தேடி வாங்குவதும் நம் பொறுப்பு.

வாசகர் கேட்காத மொழியில் மின்னூல் வெளியிட எந்தப் பதிப்பாளரும் முன்வரமாட்டார். நாம் இரவல் பெறும், வாங்கும் ஒவ்வொரு தமிழ் நூலும் 'இங்கே படிப்பவர் இருக்கிறார்' என்று சொல்லும். நாம் பேசாமல் இருந்தால், தமிழுக்கு இங்கே தேவை இல்லை என்றே எடுத்துக்கொள்வார்கள்.

இப்போது என் கருவியில் ஒன்பது தமிழ் நூல்கள் இருக்கின்றன. ஆங்கில நூல்களை நான் அழிக்கவில்லை, அதற்கு அவசியமும் இல்லை. இன்றிரவு உங்கள் கருவிக்கு மின்னேற்றும்போது ஒரு தமிழ்ச் சிறுகதைத் தொகுப்பையும் ஏற்றுங்கள். நாளைக் காலை ரயிலில் முதல் கதையைப் படித்துவிடலாம்.