கதைத்தால் என்ன குற்றம்?

எட்டயபுரம் ரோட்டு டீக்கடையில் போன வாரம் ஒரு வாக்குவாதம். என்னோடு ஒரே வருஷம் ரிட்டயர் ஆன நண்பர் சொன்னார்: "அண்ணாச்சி, தாப்பாத்தி முகாம்காரங்க வந்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னும் 'கதைக்கிறோம்'னு சொல்லிக்கிட்டுத் தனியாவே இருக்காங்க. முதல்ல நம்மளை மாதிரி மாறட்டும், பிறகு குடியுரிமை கேக்கட்டும்."

சொல்லி வாய் மூடவில்லை, வீட்டிலிருந்து போன். மனைவியிடம் தெலுங்கில் பேசிவிட்டு வைத்தார்.

அதைக் குறை சொல்லவில்லை. வடக்கேயிருந்து வந்து கரிசலைத் திருத்தி, கம்பும் பருத்தியும் விளைவித்த குடிகள். அடுப்படியில் தெலுங்கு, சந்தையில் தமிழ். இடைசெவல் கி.ரா.வுக்கு வீட்டு மொழி தெலுங்குதான். கரிசல் தமிழுக்கு அகராதி போட்டதும் அவர்தான்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சுப் படிப்புப் படித்தவன். 1962 ஆகஸ்டில் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. நாங்கள் இந்தியரானோம். வீட்டில் எப்படிப் பேசுகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. பிரெஞ்சுக்காரன் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. ஆனால் லாவோஸிலிருந்து ஓடிவந்த மோங் மக்களை 1977இல் பிரெஞ்சு கயானாவின் கக்காவோவில் அவன் குடிவைத்தான். காட்டைத் திருத்திக் காய்கறி போட்டார்கள். சொந்த மொழியை விடாமலே பிரெஞ்சுக் குடிமக்களும் ஆனார்கள்.

இங்கே? 1987 ஜூலை 1 முதல், இந்த மண்ணில் பிறந்தால் மட்டும் போதாது, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2019 திருத்தத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் உண்டு, இலங்கை இல்லை. 2021இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றினார்கள். பலகை மாறியது. மாறினால் குடியுரிமை கிடைக்கும் என்பதே பொய். வேலைக்காலம் முழுக்க பாரம் சரிபார்த்தவன் நான், 'வீட்டில் பேசும் தமிழ் எது' என்று எதிலும் ஒரு கட்டம் கண்டதில்லை.

சர்வீஸில் இருந்தபோது முகாமிலிருந்து ஒரு பெண்பிள்ளை மனுவோடு வந்தாள். என்னிடம் அசல் கோவில்பட்டித் தமிழ். திரும்பிப் பார்த்து, "அம்மம்மா, கொஞ்சம் பொறுங்கோ" என்றாள். அந்தப் 'பொறுங்கோ'வையும் விட்டுவிட்டு வா என்றா சொல்லச் சொல்கிறீர்கள்?

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். பதில் இல்லை. டீக்குக் காசு அவர்தான் கொடுத்தார்.